நாற்காலிக் கம்பெனியின் இசைத்தட்டுகள்

அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் சார்லி பேட்டனின் பாட்டை முதல்முறை ஒலிக்கவிடுகிறவர் காதில் முதலில் விழுவது பேட்டன் இல்லை. கடாயில் எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கிற சத்தம். அதற்கு அடியில், பக்கத்துத் தெருவில் யாரோ சண்டை பிடிப்பதுபோல ஒரு கரகரத்த தொண்டை. கூடவே ஒரு கிட்டார். இடையிடையே அதன் பலகையில் கை தட்டும் ஓசை. நான் முதலில் கேட்டபோது கோப்பு கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து வேறு பிரதி தேடினேன். அதுவும் அப்படியே இருந்தது. கிடைப்பதில் நல்லதே அதுதான் என்று புரிய நாளாயிற்று.

நான் கேட்ட அந்தப் பாட்டு பதிவானது 1929 ஜூன் 14 அன்று, இந்தியானா மாநிலத்து ரிச்மண்ட் நகரில். அங்கே ஜெனட் கம்பெனிக்கு ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. மிசிசிப்பியிலிருந்து போன பேட்டன் அன்று ஒரே நாளில் 14 பாட்டுகளைப் பாடிக் கொடுத்தார். தட்டாக வெளியிட்டது பாரமவுண்ட் என்ற நிறுவனம். சினிமாக் கம்பெனிக்கும் இதற்கும் உறவில்லை. பெயர் ஒற்றுமை மட்டும்தான். அதே காலத்தில் வேறு கம்பெனிகள் பதிந்த பாட்டுகளை இன்று கண்ணாடிபோலக் கேட்க முடிகிறது. பாரமவுண்ட் பாட்டுகள் மட்டும் ஏன் இப்படி? அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ், புளூஸ் இசையின் பழைய பதிவுகளை மறுவெளியீடு செய்கிற தொழில் எதை நம்பி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும். அதனால்தான் ஆய்வுக்கு இந்த நிறுவனத்தை எடுத்துக்கொண்டேன்.

பெட்டி விற்க ஒரு பாட்டு

விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில், போர்ட் வாஷிங்டன் என்ற சிறிய ஊர். அங்கே விஸ்கான்சின் சேர் கம்பெனி என்று ஒரு மரச்சாமான் தொழிற்சாலை. எடிசனின் கிராமபோன்களுக்கு மரப்பெட்டி செய்துகொடுத்து வந்தவர்கள், பிறகு தாங்களே கிராமபோன் செய்யத் தொடங்கினார்கள். பெட்டி வாங்குகிறவருக்கு அதில் போட்டுக் கேட்க ஏதாவது வேண்டுமே! 1917 வாக்கில் இசைத்தட்டுத் தொழிலிலும் இறங்கினார்கள். இசை அவர்களுக்குப் பெட்டியோடு போகிற இணைப்பு, அவ்வளவுதான்.

தட்டு அச்சாகும் ஆலை பக்கத்து ஊரான கிராஃப்டனில், மில்வாக்கி ஆற்றங்கரையில் இருந்தது. அந்தக் காலத்துத் தட்டு அரக்கால் ஆனது. அந்த அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்து, முக்கியமாகச் சோட்டா நாக்பூர் காடுகளில் மரக்கிளைகளிலிருந்து சுரண்டி எடுக்கப்பட்டு, உலகமெங்கும் கப்பலேறியது. அரக்கோடு கல்பொடியும் கரியும் கலந்து சூட்டில் அழுத்தினால் தட்டு. அரக்கு விலை அதிகம், பொடி மலிவு. பாரமவுண்ட் எதைக் கூட்டி எதைக் குறைத்தது என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. அவர்களுடைய தட்டுகள் புதிதாக இருக்கும்போதே கரகரத்தன.

வெள்ளையருக்கான மெல்லிசையில் பெரிய கம்பெனிகளோடு போட்டி போட முடியவில்லை. 1922-இல் கறுப்பின மக்களை மட்டும் குறிவைத்து 12000 என்ற எண்ணிலிருந்து ஒரு தனி வரிசை தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு மேயோ வில்லியம்ஸ் என்ற கறுப்பின இளைஞர் உள்ளே வந்தார். பிரவுன் பல்கலைக்கழகத்தில் படித்தவர், தொழில்முறைக் கால்பந்து ஆடியவர். மா ரெய்னி, பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் போன்ற புளூஸ் பாடகர்கள் வந்து சேர்ந்தது அவர் காலத்தில். சிகாகோ டிஃபெண்டர் வார இதழில் கோட்டோவியங்களோடு விளம்பரம், விலை 75 சென்ட், தபாலில் எழுதினால் வீட்டுக்கே வரும். தெற்கில் கடைக்காரர் முகம் சுளிக்கிற ஊர்களில் இருந்தவர்களுக்குத் தபால் பெரிய வசதி.

விற்கத் தெரிந்தவர்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜெஃபர்சனுக்கு எலுமிச்சை நிறத்தில் தனி லேபிள் அச்சிட்டார்கள். பேட்டனின் ஒரு தட்டைப் பாடகர் பெயர் இல்லாமல், ‘முகமூடி அதிசயம்’ என்ற பட்டத்தோடு வெளியிட்டு, யார் என்று கண்டுபிடித்து எழுதுகிறவருக்கு இன்னொரு தட்டு இலவசம் என்றார்கள். அந்த முகமூடிக்காரருடைய புகைப்படம் என்று இன்று நமக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று.

பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் 75 சென்ட் கொடுக்க ஆளில்லை. ஆனாலும் இன்று உலகம் கொண்டாடுகிற பதிவுகளில் பல அந்தக் கடைசிக் காலத்தில் நடந்தவைதான். 1930 மே மாத இறுதியில் பேட்டன், சன் ஹவுஸ், வில்லி பிரவுன், லூயிஸ் ஜான்சன் நால்வரும் மிசிசிப்பியிலிருந்து காரில் கிளம்பி கிராஃப்டன் போய்ப் பாடினார்கள். 1931 பிப்ரவரியில் ஸ்கிப் ஜேம்ஸ் போய் 18 பாட்டுகள் பதிந்துகொடுத்தார். அந்தத் தட்டுகளை வாங்க அநேகமாக யாருமே இல்லை. 1932-இல் ஒலிப்பதிவு நின்றது. 1935 வாக்கில் கதவும் சாத்தப்பட்டது.

காயலான் கடைக்குப் போனது என்ன

இங்கே ஒரு தொழில்நுட்ப விவரம் தேவைப்படுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பாடகர் பாடும்போது ஊசி மெழுகுத் தட்டில் கீறும். மெழுகின் மேல் உலோகம் பூசிப் பிரித்தெடுத்தால் மூல அச்சு. அதிலிருந்து நகல் அச்சுகள். அவற்றை வைத்து அரக்கை அழுத்தினால் கடைக்குப் போகும் தட்டு. மூல அச்சு பத்திரமாக இருந்தால், நூறு ஆண்டு கழித்தும் அதிலிருந்து வினைல் தட்டு அழுத்தி, கல்பொடி இரைச்சல் இல்லாமல் அன்றைய அறையைக் கேட்கலாம். கொலம்பியா நிறுவனத்தின் கைக்கு வந்துசேர்ந்த பழைய பதிவுகளில் பலவற்றுக்கு அச்சுகள் எஞ்சின; புளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் நமக்குப் பக்கத்தில் நின்று பாடுவதுபோல ஒலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாரமவுண்டின் அச்சுகள் பழைய உலோக விலைக்கு விற்கப்பட்டன. கோழிக்கூண்டின் ஓட்டையை அடைக்கப் போனதாக ஊரில் ஒரு கதை உண்டு. வேலை போன ஆத்திரத்தில் தொழிலாளர்கள் மிச்சமிருந்த தட்டுகளை மாடியிலிருந்து மில்வாக்கி ஆற்றில் பட்டம்போலப் பறக்கவிட்டார்கள் என்பது இன்னொரு கதை. இதை நம்பி முக்குளிப்பவர்களை ஆற்றில் இறக்கித் தேடிய தொலைக்காட்சி நிகழ்ச்சியும் உண்டு. தட்டு ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு ஆற்றுக் கதையைவிடக் காயலான் கடைக் கதைதான் வலிக்கிறது. ஆத்திரத்தில் எறிகிறவனுக்காவது அது என்ன என்று தெரிந்திருக்கும்.

ஆக, 1935-க்குப் பிறகு பாரமவுண்ட் என்பது இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒன்று காகிதத்தில் இருக்கும் உரிமை. மற்றொன்று, அமெரிக்கத் தெற்கின் வீட்டுத் திண்ணைகளிலும் கட்டிலடிகளிலும் கிடந்த தட்டுகள். அடுத்த தொண்ணூறு ஆண்டுகளில் நடந்த மறுவெளியீடு ஒவ்வொன்றும் இந்த இரண்டில் எதைக் கையில் வைத்திருந்தது என்று பார்த்தாலே அதன் தரமும் தலைவிதியும் தெரிந்துவிடும்.

உரிமை ஒருவரிடம், ஒலி இன்னொருவரிடம்

காகிதத்தை வாங்கியவர் ஜான் ஸ்டைனர். சிகாகோ வட்டாரத்து வேதியியலாளர், ஜாஸ் பித்தர். 1940-களின் பிற்பாதியில் பாரமவுண்ட் பெயரையும் உரிமையையும் பெற்றார். அவரிடமிருந்து அனுமதி வாங்கி, 1953-இல் நியூயார்க்கில் பில் கிராவரும் ஓரின் கீப்நியூஸும் தொடங்கியதுதான் ரிவர்சைடு நிறுவனம். பின்னாளில் தெலோனியஸ் மாங்க், பில் எவன்ஸ் போன்றோரின் நவீன ஜாஸுக்குப் புகழ்பெற்ற அதே ரிவர்சைடு, பிழைப்பைத் தொடங்கியது இந்தப் பழைய தட்டுகளை வைத்துத்தான். உரிமை கையில் இருந்தும் அச்சு இல்லை. சேகரிப்பாளர்களிடம் தட்டு இரவல் வாங்கிப் பிரதி எடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் நாட்டம் கிங் ஆலிவர், மா ரெய்னி என்று ஜாஸை ஒட்டியே போனது. மிசிசிப்பியின் தனிக் கிட்டார்க்காரர்கள்மேல் பெரிதாகக் கண் படவில்லை. ஸ்டைனர் பிறகு 1970-இல் உரிமையை ஜார்ஜ் எச். பக் என்பவருக்கு விற்றார். காகிதத்தின் கதை கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

தட்டின் கதை வேறு மாதிரி. 1950-களிலும் 60-களிலும் வெள்ளை இளைஞர்கள் சிலர் தெற்கில் கறுப்பின மக்கள் வாழும் தெருக்களில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, ‘பழைய தட்டு இருக்கிறதா?’ என்று கேட்டுத் திரிந்தார்கள். சில்லறைக் காசுக்கு வாங்கினார்கள். மிசிசிப்பியில் அலைந்த கேல் டீன் வார்ட்லோ தட்டோடு நிற்கவில்லை; பாடகர்களின் இறப்புச் சான்றிதழ்களையும் தேடினார். புளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் சான்றிதழை 1968-இல் கண்டெடுத்தவர் அவர்தான். ஜாக்சன் நகரில் இசைத்தட்டுக் கடை நடத்திக்கொண்டே பேட்டன் முதலானோரைக் கண்டுபிடித்து வடக்கே அனுப்பிவைத்த எச். சி. ஸ்பியரைத் தேடிப்போய் நினைவுகளைப் பதிந்துவைத்தவரும் அவரே. அலுவலகப் பதிவேடு எதுவும் மிஞ்சாத ஒரு நிறுவனத்தின் வரலாறு அப்படித்தான் சேர்ந்தது.

1960-இல் பில் கிவன்ஸ், பீட் வீலன் என்ற இரண்டு சேகரிப்பாளர்கள் ஆரிஜின் ஜாஸ் லைப்ரரி என்ற பெயரில் ஒரு சின்ன நிறுவனம் தொடங்கினார்கள். முதல் எல்பி, அதாவது நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டு, முழுக்க முழுக்க பேட்டன். இரண்டாவது எல்பியின் பெயர் ஒரு குத்தல். 1959-இல் சாமுவேல் சார்ட்டர்ஸ் ‘தி கன்ட்ரி புளூஸ்’ என்று ஒரு நூலும் அதே பெயரில் ஒரு தொகுப்பும் வெளியிட்டிருந்தார். இவர்கள் தங்கள் தொகுப்புக்கு ‘ரியலி! தி கன்ட்ரி புளூஸ்’ என்று பெயர் வைத்தார்கள். உண்மையானது இது, உன்னுடையது இல்லை என்று அர்த்தம்.

வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. சார்ட்டர்ஸ், அந்தப் பழைய காலத்தில் கறுப்பின மக்கள் காசு கொடுத்து வாங்கிய பாடகர்களுக்கும் இடம் கொடுத்தார். சேகரிப்பாளர்களுக்கோ அரிதான தட்டுதான் உயர்ந்தது. விற்காத தட்டு அரிதாகும். ஆகவே 1931-இல் யாரும் வாங்காத ஸ்கிப் ஜேம்ஸ் 1960-களில் மேதையானார். வீட்டுக்கு வீடு ஒலித்த ஐடா காக்ஸ் பின்வரிசைக்குப் போனார். ஜேம்ஸ் மேதை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அந்த உச்சக்குரலைக் கேட்டவர் அப்படிச் சொல்லமாட்டார். ஆனால் ‘டெல்டா புளூஸ்’ என்று நாம் இன்று வரிசைப்படுத்துகிற பெயர்களில் அன்றைய மக்களின் ரசனை எவ்வளவு, நியூயார்க் சேகரிப்பாளர்களின் அலமாரி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் மறுவெளியீட்டைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

அந்த எல்பிகளைக் கேட்டவர்கள் ஆளையே தேடிக் கிளம்பினார்கள். 1964 ஜூனில் கிட்டார் கலைஞர் ஜான் ஃபேஹியும் நண்பர்கள் இருவரும் மிசிசிப்பியின் டுனிகா ஊர் மருத்துவமனையில் ஸ்கிப் ஜேம்ஸைக் கண்டார்கள். அதே மாதம் நிக் பெர்ல்ஸ் உள்ளிட்ட வேறொரு மூவர் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் சன் ஹவுஸைக் கண்டார்கள். அந்த பெர்ல்ஸ்தான் சில ஆண்டுகளில் யாசூ என்ற மறுவெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்.

ஊசி

மறுவெளியீட்டில் பாதிக் கலை ஊசியில் இருக்கிறது. எல்பி தட்டுக்கான ஊசியை 78 என்று சொல்லப்படும் பழைய அரக்குத் தட்டில் வைத்தால், அகன்ற பள்ளத்தின் அடியில் போய் அது குப்பையை வாசிக்கும். 78 தட்டுக்கு அதைப்போல மூன்று மடங்கு பருமனான முனை வேண்டும். அதிலும் ஒரே அளவு போதாது. அந்தக் காலத்து இரும்பு ஊசிகள் பள்ளத்தின் ஒரு மட்டத்தைத் தேய்த்திருக்கும். அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ தேயாத சுவர் மிச்சமிருக்கலாம். பொறியாளர் முனையின் அளவை மாற்றி மாற்றி வைத்து அந்தத் தேயாத கோட்டைத் தேடுகிறார். ஒரு முனையில் வெறும் இரைச்சலாக இருந்த இடத்தில், அடுத்த முனையில் ஒரு சொல்லின் முதல் எழுத்து எழுந்து வரும். பேட்டன் என்ன பாடுகிறார் என்று இன்றும் ஆய்வாளர்கள் சண்டையிடுகிற வரிகள் இருக்கின்றன. அந்தச் சண்டையின் ஒரு பகுதி பேட்டனின் உச்சரிப்பால், ஒரு பகுதி ஊசியால்.

வேகமும் தலைவலி. நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பெயருக்குத்தான். பதிவுக்கூடத்தின் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருந்தால், இன்று சரியான வேகத்தில் சுழற்றும்போது பாடகர் அவசரப்படுவார், குரல் மெலியும். கிட்டாரின் சுருதியை வைத்து ஊகிக்கலாம். ஆனால் தனியாகப் பாடுகிறவர் எந்தச் சுருதியில் கூட்டியிருந்தார் என்பதற்கு யார் சாட்சி?

பிறகு கணினி. சொடக்குச் சத்தங்களை நீக்கும் மென்பொருள் வந்த புதிதில் சிலர் கை மீறிப் போனார்கள். இரைச்சலோடு சேர்ந்து கிட்டார் நரம்பின் மேல்நாதமும், பாடகர் மூச்சிழுக்கும் ஓசையும் போயின. போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல ஆயிற்று. அந்தக் குறுந்தகடுகளை விடக் கடுகு வெடிக்கிற பழைய எல்பி எனக்கு மேல். நல்ல பொறியாளர் இரைச்சலைக் கொஞ்சம் விட்டுவைக்கிறார். காது இரண்டு நிமிடத்தில் அதைத் தாண்டிக் கேட்கப் பழகிவிடும்.

எந்தப் பொறியாளரும் மோசமான தட்டிலிருந்து ஓரளவுக்கு மேல் எடுக்க முடியாது. டாமி ஜான்சனின் பாரமவுண்ட் தட்டு ஒன்றுக்கு உலகில் அறியப்பட்ட பிரதிகள் இரண்டுதான். தேய்ந்துபோன ஒன்று ஜான் டெஃப்டெல்லர் என்ற வணிகரிடம் ஏற்கெனவே இருந்தது. 2013-இல் இரண்டாவது இணைய ஏலத்துக்கு வந்தபோது அவர் 37,100 டாலர் கொடுத்து அதையும் வாங்கினார். கையில் இருக்கிற பாட்டையே மறுபடி வாங்குவது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். அவர் வாங்கியது தேயாத பள்ளத்தை.

வியன்னாவில் ஏன்?

இந்தத் துறையில் மிகப் பெரிய வேலை நடந்தது அமெரிக்காவில் இல்லை, ஆஸ்திரியாவில். ஜானி பார்த் என்ற வியன்னாக்காரர் 1980-களில் டாக்குமெண்ட் ரெக்கார்ட்ஸ் தொடங்கினார். அவர் கொள்கை எளிது: ஒரு பாடகரின் எல்லாப் பதிவுகளையும், நல்லது கெட்டது பாராமல், நாள்வரிசைப்படி வெளியிடுவது. போருக்கு முந்தைய புளூஸ், நற்செய்திப் பாடல்கள் என்று தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குறுந்தகடுகள். ஒலியைத் துடைப்பதில் அதிகம் மெனக்கெடவில்லை. யாசூவோடு ஒப்பிட்டால் பல தகடுகள் சுமார்தான். ஆனால் ஒருவர் பாடிய மோசமான பாட்டையும் சேர்த்துக் கேட்டால்தான் நல்ல பாட்டு எங்கிருந்து வந்தது என்று தெரியும் என்பதை அந்தத் தகடுகள்தான் எனக்குக் காட்டின. பிற்பாடு அந்த நிறுவனம் ஸ்காட்லாந்துக்கு மாறியது.

வியன்னாவிலிருந்து இதைச் செய்ய முடிந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமை அப்போது 50 ஆண்டுகள்தான். பின்னர் அதை 70 ஆக்கினார்கள். அதற்குள் காலாவதியானவை காலாவதியானவைதான். அமெரிக்காவிலோ 1972-க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் கூட்டாட்சிச் சட்டத்துக்கு வெளியே, மாநிலச் சட்டங்களின் குழப்பத்தில் கிடந்தன. அந்த நிலை 2067 வரை நீடித்திருக்கும். 2018-இல் வந்த சட்டம் அதைச் சற்று ஒழுங்குபடுத்தியது. 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு 100 ஆண்டுகள் என்று கணக்கு. அதன்படி 1929-இல் வெளியான பேட்டன் தட்டு 2030 ஜனவரி முதல் நாள் அமெரிக்காவில் எல்லோருக்கும் பொதுவாகும். ஸ்கிப் ஜேம்ஸின் 1931 தட்டுகள் 2032-இல். வியன்னாவில் இவை எப்போதோ பொதுவாகிவிட்டன.

பெட்டி திரும்பி வந்தது

2001-இல் ரெவனன்ட் என்ற நிறுவனம் பேட்டனுக்கு ஏழு குறுந்தகடுகள் கொண்ட ஒரு தொகுப்பு வெளியிட்டது. பழைய 78 தட்டுகளை அடுக்கிவைக்கும் ஆல்பம்போல அதன் கட்டமைப்பு. மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன. ரெவனன்டைத் தொடங்கியவர்களில் ஒருவர், மருத்துவமனையில் ஸ்கிப் ஜேம்ஸைக் கண்டுபிடித்த அதே ஜான் ஃபேஹி. தொகுப்பு வெளிவரும் முன் அவர் இறந்துவிட்டார்.

பிறகு 2013-இலும் 2014-இலும் ராக் இசைக்கலைஞர் ஜாக் வைட்டின் தேர்டு மேன் நிறுவனம் ரெவனன்டோடு சேர்ந்து பாரமவுண்டின் முழுக் கதையையும் இரண்டு பெட்டிகளில் கொண்டுவந்தது. ஒவ்வொன்றிலும் ஆறு எல்பிகள், புத்தகங்கள், ஒரு யுஎஸ்பி கருவியில் 800 பாட்டுகள். முதல் பெட்டி ஓக் மரத்தில் இழைத்தது. விலை 400 டாலர். கிராமபோன் பெட்டி விற்பதற்காகப் பாட்டைச் சேர்த்துக்கொண்ட நிறுவனத்தின் பாட்டை விற்க, தொண்ணூறு ஆண்டு கழித்து மறுபடி மரப்பெட்டி தேவைப்பட்டது. அழகான பொருள்தான், மறுக்கவில்லை. 75 சென்ட் தட்டுக்குக் கூலியிலிருந்து மிச்சம் பிடித்த பருத்திக்காட்டுக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வீட்டில் எத்தனை பெட்டிகள் இருக்கும் என்று மட்டும் அதைத் தடவிப் பார்க்கும்போது தோன்றியது.

பணம் என்று வந்தால், பாடகர்களுக்கு மறுவெளியீட்டால் கிடைத்தது மிகச் சொற்பம். பாட்டுக்கு இவ்வளவு என்று ஒருமுறை கொடுத்து முடித்த கணக்கு அது. பாட்டு எழுதியதற்கான உரிமை தனி. 1966-இல் கிரீம் என்ற பிரிட்டிஷ் ராக் குழு ஸ்கிப் ஜேம்ஸின் பாட்டு ஒன்றைப் பாடிப் பதிந்தது. அதன் வழியாக அவருடைய கடைசி ஆண்டுகளில் கொஞ்சம் பணம் வந்தது. 1969-இல் இறந்தார். பேட்டன் 1934-லேயே போய்விட்டார். மிசிசிப்பியில் ஹோலி ரிட்ஜ் என்ற சிற்றூரில் அவர் புதைக்கப்பட்ட இடத்துக்கு ஒரு கல் நட 1990 ஆயிற்று. செலவை ஏற்றவர் ராக் பாடகர் ஜான் ஃபோகர்டி.

1930-இல் அந்தக் காரில் கிராஃப்டன் போன நால்வரில் சன் ஹவுஸின் ஒரு தட்டு, எண் 13096, எழுபத்தைந்து ஆண்டுகள் யார் காதிலும் விழாமல் இருந்தது. ஒரு பிரதி கிடைத்து, 2006-இல் யாசூ அதை வெளியிட்டது. அதே பயணத்தில் வில்லி பிரவுன் பாடிய தட்டு ஒன்று, எண் 13099, இன்றுவரை ஒரு பிரதிகூட அகப்படவில்லை. இரண்டு பாட்டுகளின் தலைப்பு மட்டும் தெரியும். கொண்டுவருகிறவருக்கு 25,000 டாலர் தருவதாக டெஃப்டெல்லர் அறிவித்திருக்கிறார். ஓக் பெட்டியின் தயாரிப்பாளர்களாலும் 2014-இல் அந்த எண்ணுக்கு எதையும் போட முடியவில்லை.